சிறுமலரின் இருண்ட இரவும் அருகிருந்த உறவுகளும்



ஒக்டோபர் முதலாம் திகதி குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாளின் திருநாளைத் திருச்சபை கொண்டாடுகின்றது. நமது ஆலயங்களிலும் இல்லங்களிலும் அவரது திருவுருவம் இல்லாத இடம் அரிது. கிளிநொச்சியில் அவரது பெயரால் ஓர் ஆலயம் உண்டு. நம் தாய்மார் பலர் தம் பெண்மக்களுக்கு அவரது பெயரையே சூட்டியுள்ளனர். மண்ணிற உடையும் வெண்ணிற மேலாடையும் அணிந்து, சிலுவையையும் ரோஜா மலர்களையும் மார்போடு அணைத்தபடி புன்னகைக்கும் அந்த இளங்கன்னிகையின் முகம் நமக்கு நன்கு பழகிப்போன ஒன்று.

ஆயினும் அந்தப் புன்னகைக்குப் பின்னால் இருந்த இருளைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. தமது வாழ்வின் இறுதி மாதங்களில், உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தம்மைத் தீண்டியதை அவர் வாய்திறந்து கூறியிருக்கின்றார். இந்த உண்மை சிலருக்கு அதிர்ச்சி தரலாம். ஆனால் இத்தகைய எண்ணத்தோடு இன்று போராடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கும், அவரருகே செய்வதறியாது நிற்கும் குடும்பத்தினருக்கும் இதில் ஆறுதலும் உண்டு, வழிகாட்டலும் உண்டு. அந்த நோக்கோடு அவரது வாழ்வை இன்று திரும்பிப் பார்ப்போம்.

தாயை இழந்த மழலை

1873ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி, பிரான்ஸ் நாட்டின் நோர்மண்டிப் பகுதியிலுள்ள அலென்சோன் நகரில் தெரேசா பிறந்தார். தந்தை லூயி மார்ட்டின் கடிகாரத் தொழில் செய்தவர். தாய் செலி, அந்நகருக்குப் பேர் தேடித்தந்த ரேந்தை பின்னும் தொழிலை நடத்தியவர். அவர்களுக்குப் பிறந்த ஒன்பது பிள்ளைகளில் நால்வர் சிறுவயதிலேயே இறந்துபோயினர். மரி, போலின், லெயோனி, செலின், தெரேசா என்னும் ஐந்து பெண்மக்களே எஞ்சினர். அவர்களுள் கடைக்குட்டி தெரேசா.

துடிப்பும் குறும்பும் நிறைந்த குழந்தையாக அவர் வளர்ந்துகொண்டிருந்தபோது, 1877ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28ஆம் திகதி தாயார் மார்பகப் புற்றுநோயால் மரணமானார். அப்போது தெரேசாவுக்கு நான்கு வயது. அன்றோடு தமது இயல்பே மாறிவிட்டதாகப் பின்னாளில் அவர் எழுதினார். கலகலப்பான பிள்ளை கூச்சமுள்ளவளானாள். ஒரு சிறு பார்வையும் அவளை அழவைத்தது. பெண்மக்களைத் தாய்மாமனின் குடும்பத்துக்கு அருகில் வளர்க்க விரும்பிய தந்தையார், அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் லிசியூ நகருக்குக் குடிபெயர்ந்தார்.

இழந்த தாயின் இடத்தில் இரண்டாவது அக்கா போலினைத் தெரேசா ஏற்றுக்கொண்டார். ஆனால் 1882ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் போலினும் லிசியூ நகரின் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். ஒன்பது வயதுச் சிறுமிக்கு அது இரண்டாவது முறை தாயை இழந்தது போலாயிற்று. அடுத்த ஆண்டு உயிர்த்த ஞாயிறு காலத்தில் இனந்தெரியாத கடும் நோய் அவரைப் பற்றிக்கொண்டது. உடல் நடுங்கியது, காரணமற்ற அச்சங்கள் வாட்டின, அருகில் நின்ற சொந்தச் சகோதரியையே அடையாளம் காண முடியாத நிலை உண்டாயிற்று. தந்தையார் வைத்தியரை அழைத்தார். பாரிஸ் நகரின் வெற்றி அன்னை ஆலயத்தில் நவநாள் திருப்பலிகளையும் ஒப்புக்கொடுக்கச் செய்தார். 1883ஆம் ஆண்டு மே 13ஆம் திகதி, தூய ஆவியின் பெருவிழா அன்று, சகோதரியர் கட்டிலருகே முழந்தாளிட்டு மன்றாடிக்கொண்டிருந்தபோது, அங்கிருந்த தேவ அன்னையின் திருவுருவம் தம்மை நோக்கிப் புன்னகைத்ததைத் தெரேசா கண்டார். நோய் அகன்றது.

இங்கே நாம் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. குணமடைந்த பின்னர் நீண்ட காலம், தாமே வேண்டுமென்று அந்த நோயை வரவழைத்துக்கொண்டோமோ என்ற குற்ற உணர்வு அச்சிறுமியை வாட்டியது. மனத்தால் நோயுற்றவர்கள் பலர் இவ்வாறே தம்மைத் தாமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்கின்றனர். நாம் சொல்லும் ஒரு கடுஞ்சொல் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்துவிடக்கூடும். தெரேசாவின் மூத்த அக்கா மரியோ அவளைக் கண்டிக்காமல், ஆறுதல் கூறித் தேற்றினார்.

கேட்கும் செவி

1885ஆம் ஆண்டு மே மாதத்தில் வேறொரு சோதனை தொடங்கியது. தாம் நினைப்பதும் செய்வதும் எல்லாம் பாவமோ என்ற ஓயாத மனச்சஞ்சலம் தெரேசாவைப் பிடித்துக்கொண்டது. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுகள் அது நீடித்தது. அக்காலத்தில் மரியே அவரது புகலிடம். மனதில் எழுந்த எண்ணங்கள் அனைத்தையும், அவை எவ்வளவு விபரீதமானவையாக இருந்தாலும், நாள்தோறும் அவர் அக்காவிடம் கொட்டிவிடுவார். சொன்னதும் சற்று நேரம் அமைதி கிடைக்கும். பின்னர் அலை மீண்டும் எழும். மறுநாளும் மரி பொறுமையோடு கேட்பார்.

அச்சஞ்சலத்தை ஒரே பேச்சில் தீர்த்துவைக்கும் ஆற்றல் மரிக்கு இருக்கவில்லை. ஆனால் கேட்டதையே மறுநாளும் கேட்கும் அன்பு இருந்தது. பிள்ளை மனந்திறந்து பேச வரும்போது, நேற்றும் இதைத்தானே சொன்னாய் என்று முகஞ்சுளிக்கும் வீட்டில் அப்பிள்ளை மூன்றாம் நாள் வாய்திறப்பதில்லை. மரியின் செவி மூடவில்லை. ஆகவே தெரேசாவின் வாயும் மூடவில்லை. இந்தப் பழக்கம் பதினோர் ஆண்டுகளுக்குப் பின்னர் எத்துணை பெறுமதியுடையதாயிற்று என்பதைப் பின்னர் காண்போம்.

1886ஆம் ஆண்டு நத்தார் இரவில் தெரேசா மனவுறுதி பெற்றார். அடுத்த ஆண்டு, மூவரைக் கொன்ற குற்றத்துக்காக மரணதண்டனை விதிக்கப்பட்ட பிரான்சீனி என்பவனுக்காக மன்றாடத் தொடங்கினார். நாடே வெறுத்து ஒதுக்கிய அவனைத் தம் முதற்பிள்ளையாக அவர் ஏற்றுக்கொண்டார். 1887ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31ஆம் திகதி கொலைக்களத்தில் அவன் பாடுபட்ட சுரூபத்தை முத்தமிட்டான் என்ற செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது, தம் செபம் கேட்கப்பட்டதை அறிந்து மகிழ்ந்தார். எவரையும் கைவிடப்பட்டவர் என்று எண்ணலாகாது என்னும் பாடத்தை பதினான்கு வயதிலேயே அவர் கற்றுக்கொண்டார். அவ்வாண்டு நவம்பர் மாதம் உரோமை நகருக்குச் சென்று, மடத்தில் சேர அனுமதி வேண்டிப் பாப்பரசர் 13ஆம் சிங்கராயரின் பாதத்தில் பணிந்தார். 1888ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி, பதினைந்து வயதில், லிசியூ கார்மேல் மடத்தின் வாசலுக்குள் நுழைந்தார்.

தந்தையின் நோயும் ஊரின் நாவும்

அவர் மடத்தில் சேர்ந்து மூன்று மாதங்கள்கூட நிறையவில்லை. ஜூன் மாதத்தில் தந்தையார் எவருக்கும் அறிவிக்காமல் வீட்டை விட்டு வெளியேறினார். சில நாட்களின் பின்னர் லெ ஹாவ்ர் துறைமுக நகரில் அவரைக் கண்டுபிடித்தனர். அவரது மூளை நோயுற்றிருந்தது. நினைவு தடுமாறியது, இல்லாதவை கண்ணுக்குத் தெரிந்தன. 1889ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் திகதி, கான் நகரிலுள்ள மனநல வைத்தியசாலையில் அவரைச் சேர்க்க வேண்டியதாயிற்று. தெரேசம்மாள் துறவற உடை அணிந்து அப்போது ஒரு மாதமே கடந்திருந்தது.

ஊரில் உயர்வாக மதிக்கப்பட்ட மனிதர் அவர். அக்காலத்தில் அத்தகைய வைத்தியசாலையின் பெயரைச் சொல்வதே இழிவாகக் கருதப்பட்டது. பெண்மக்கள் ஒருவர் பின் ஒருவராக மடத்துக்குப் போனதால்தான், அதிலும் செல்ல மகள் விட்டுப் பிரிந்ததால்தான் தந்தைக்குப் புத்தி பேதலித்தது என்று ஊரார் பேசினர். அப்பேச்சு மடத்தின் மதிலையும் தாண்டி உள்ளே வந்தது. பதினாறு வயது இளங்கன்னிகை அந்தப் பழியையும் சுமந்துகொண்டு செபித்தார்.

அவருடைய சகோதரியர் செலினும் லெயோனியும் செய்ததை நம் குடும்பங்கள் மனதில் இருத்தவேண்டும். தந்தையாரை வைத்தியசாலையில் விட்டுவிட்டு வீடு திரும்பி, நடந்ததை மூடிமறைக்க அவர்கள் முயலவில்லை. தொடக்க மாதங்களில் கான் நகரிலேயே தங்கியிருந்து, அனுமதி கிடைத்தபோதெல்லாம் அவரைச் சென்று பார்த்தனர். 1892ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் வீடு திரும்பிய பின்னர், 1894ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் திகதி உயிர் பிரியும்வரை செலின் அவரைப் பராமரித்தார். அந்தத் தந்தையையும் தாயையும் 2015ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் புனிதர்களாகப் பிரகடனம் செய்தார். மனநல வைத்தியசாலையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஒரு குடும்பத் தலைவர் இன்று பீடத்தில் வணங்கப்படுகின்றார். மனநோய் குடும்பத்துக்கு வந்த அவமானம் என்று எண்ணுவோருக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேறில்லை.

தந்தை பட்ட துன்பம் தெரேசம்மாளின் கண்களைத் திறந்தது. மடத்தில் புனித சூசையின் மரி என்னும் அருட்சகோதரி ஒருவர் இருந்தார். உளத்தளர்ச்சியாலும் திடீர்க் கோபங்களாலும் துன்புற்ற அவரோடு சேர்ந்து பணியாற்ற ஏனையோர் தயங்கினர். 1896ஆம் ஆண்டில், துணிகளைத் தைத்துப் பேணும் அறையில் அவருக்கு உதவியாக இருக்கத் தெரேசம்மாள் தாமாகவே முன்வந்தார். ஊக்கமூட்டும் சிறு குறிப்புகளை அவருக்கு எழுதிக்கொடுத்தார். எல்லோரும் விலகிச்செல்லும் ஒருவரைத் தேடிச்செல்வதே தமது சிறிய வழி என்று அவர் கண்டார்.

புன்னகைக்குப் பின்னால்

அதே 1896ஆம் ஆண்டு பெரிய வியாழன் இரவில், படுக்கைக்குச் சென்ற தெரேசம்மாளின் வாயில் இரத்தம் பொங்கி வந்தது. காசநோயின் முதல் அறிகுறி அது. நம் ஆண்டவர் தம்மை விண்ணகத்துக்கு அழைப்பதாகவே எண்ணி அவர் மகிழ்ந்தார். ஆனால் அந்த மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. உயிர்ப்புக் காலத்தின் தொடக்கத்தில் அவரது உள்ளத்தைப் பேரிருள் சூழ்ந்தது. குழந்தைப் பருவம் முதல் இனித்த விண்ணக நினைவு, இப்போது போராட்டத்தை மட்டுமே தந்தது. இறப்புக்குப் பின் எதுவுமே இல்லை என்று ஏளனம் செய்யும் குரல் உள்ளே ஒலித்தது. அந்த இருளோடு அவர் பதினெட்டு மாதங்கள், இறக்கும்வரை வாழ்ந்தார். விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தாலேயே எழுதி நெஞ்சருகே வைத்துக்கொண்டார். உணர்வு முற்றாக வற்றிய நிலையில், நம்ப விரும்புவதையே நம்பிக்கையின் செயலாக ஒப்புக்கொடுத்தார்.

மடத்தில் பலருக்கு இது தெரியாது. அவர் எழுதிய பாக்கள் விண்ணக இன்பத்தைப் பாடின. ஓய்வு வேளைகளில் சகோதரிகளைச் சிரிக்கவைத்தார். அவர் ஆறுதலில் திளைப்பதாகவே பலர் எண்ணினர். அன்பானவர்களே, சிரித்த முகத்தோடு திருப்பலிக்கு வரும் ஒருவரின் உள்ளத்தில் என்ன நடக்கின்றது என்பதை நாம் அறியோம். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கும், பங்கிலே முன்னின்று உழைப்பவருக்கும், ஏன், குருவுக்கும் கன்னியருக்கும்கூட இருள் வரலாம். ஆகவே முகத்தைப் பார்த்து முடிவுசெய்யாமல், கேட்டறியும் அன்பு நமக்குத் தேவை.

1897ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் திகதி அவரை மடத்தின் நோயாளர் அறைக்குக் கொண்டுவந்தனர். சிறுவயதில் அவரை நோக்கிப் புன்னகைத்த அன்னையின் திருவுருவத்தையும் கட்டிலருகே வைத்தனர். ஒரு நுரையீரல் முற்றாகச் சிதைந்து, மற்றையதும் பழுதடைந்தது. ஓகஸ்ட் பிற்பகுதியில் நோய் குடலுக்கும் பரவியது. மூச்சுத் திணறலும் வயிற்று வலியும் அவரை வதைத்தன. வலியைத் தணிக்கும் மருந்து அக்காலத்திலேயே இருந்தபோதும் அவருக்குப் போதிய அளவில் கொடுக்கப்படவில்லை. ஓகஸ்ட் 19ஆம் திகதிக்குப் பின்னர் நற்கருணை உட்கொள்ளவும் இயலாது போயிற்று.

இந்நாட்களில்தான் அவர் அந்தச் சொற்களைக் கூறினார். விசுவாசம் மட்டும் இல்லாதிருந்தால், ஒரு கணமும் தயங்காமல் தமது உயிரை மாய்த்துக்கொண்டிருப்பார் என்பதே அவர் கூறியதன் சாரம். அத்தோடு நிற்காமல் இன்னொன்றும் கூறினார். இத்தகைய கடும் வேதனையில் இருக்கும் நோயாளியின் அருகே நச்சுத்தன்மையுள்ள மருந்துகளை ஒருபோதும் விட்டுவைக்கலாகாது எனத் தம்மைப் பராமரித்த சகோதரியிடம் கேட்டுக்கொண்டார். அளவு மீறித் துன்புறுகையில் ஒருவர் நிலைதடுமாற ஒரு கணமே போதும் என்பதைத் தம் அனுபவத்தால் உணர்ந்து அவர் அதனைச் சொன்னார். சாவின் வாயிலில் நின்றபோதும், தமக்குப் பின் அக்கட்டிலில் படுக்கப்போகும் நோயாளிகளை எண்ணி அவர் கவலைப்பட்டார்.

அருகில் இருந்தவர்கள்

அச்சொற்களைக் கேட்டவர் யார்? முன்னொரு காலத்தில் அவரது இரண்டாவது தாயாக விளங்கிய அக்கா போலினே. மடத்தில் அவருக்கு இயேசுவின் அக்னேஸ் என்பது பெயர். நோயுற்ற தங்கையின் அருகிலிருந்து, அவர் பேசியவற்றையெல்லாம் நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதிவந்தார். பின்னாளில் புனிதர் பட்டத்துக்கான விசாரணை நடந்தபோது, நச்சு மருந்தைப் பற்றி அவர் கூறியதைச் சாட்சியமாகவும் அளித்தார். ஒரு புனிதையின் வாயிலிருந்து இப்படியும் வருமா என்று அஞ்சி அதை அவர் புதைத்துவிடவில்லை.

மூத்த அக்கா மரியும் அங்கே இருந்தார். நான்காவது சகோதரி செலின், இப்போது ஜெனோவேவா என்னும் கன்னிகை, அடுத்த அறையில் படுத்து இரவிலும் பணிவிடை செய்தார். இருளின் அச்சம் மிகுந்த ஓர் இரவில், மந்திரித்த மெழுகுதிரியை ஏற்றித் துணையாயிருந்தவரும் அவரே. வேதனையில் இருப்பவர்களுக்காகச் செபிப்பது எவ்வளவு அவசியம் என்பதைத் தெரேசம்மாள் அவர்களுக்கு எடுத்துரைத்தார். தமக்காகவும் செபிக்கும்படி மன்றாடினார்.

சிறுவயதில் மரியின் காதில் அச்சமின்றி எல்லாவற்றையும் சொல்லப் பழகியவர், மரணப் படுக்கையிலும் தம் உள்ளத்தில் எழுந்த மிகக் கொடிய எண்ணத்தை மறைக்காமல் சொன்னார். கேட்டவர்கள் அவரை விட்டு ஓடவில்லை. 1897ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் திகதி மாலை, சகோதரிகள் சூழ்ந்து நிற்க, இறைவன்மீது தமக்குள்ள அன்பை அறிக்கையிட்டபடி, தமது இருபத்துநான்காவது வயதில் அவர் இயற்கையான மரணம் எய்தினார். 1925ஆம் ஆண்டு மே 17ஆம் திகதி பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். 1997ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் திகதி பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக உயர்த்தினார். சாவைத் தேடும் எண்ணத்தோடு போராடியது இவ்விரு மகிமைக்கும் தடையாக அமையவில்லை.

நமது இல்லங்களுக்கு

இங்கு ஒரு தவறான விளக்கத்தைத் தவிர்க்கவேண்டும். விசுவாசம் தம்மைக் காத்ததாகத் தெரேசம்மாள் கூறினார். ஆகவே தம் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் விசுவாசம் அற்றவர்கள் என்று எவரும் முடிவுகட்டலாகாது. ஒரு கணமே போதும் என்று சொன்னவரும் அவரே என்பதை மறக்கவேண்டாம். கடும் உளப் பாதிப்பும், வேதனையும், பேரச்சமும் ஒருவரது பொறுப்பைக் குறைக்கும் என்று 1992ஆம் ஆண்டு வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் போதிக்கின்றது. அவர்களது மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும், திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கின்றது என்றும் அது கூறுகின்றது. பழைய திருச்சபைச் சட்டத் தொகுப்பு அவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுத்தது. 1983ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. இத்தகைய துயரால் அன்புக்குரியவரை இழந்த குடும்பங்கள் தலைநிமிர்ந்து ஆலயத்துக்கு வரவேண்டும். பங்கு மக்கள் அவர்களை அன்போடு அணைத்துக்கொள்ளவேண்டும்.

உயிரோடு இருப்பவருக்கு நாம் செய்யவேண்டியது என்ன? முதலாவது, கேட்பது. வாழ்ந்து என்ன பயன் என்று ஒருவர் சொன்னால், பேச்சை மாற்றாதீர்கள். சாகவேண்டும் என்ற எண்ணம் வருகின்றதா என்று அமைதியாகவும் நேராகவும் கேளுங்கள். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பதை உளவியல் துறையினர் உறுதியாகக் கூறுகின்றனர். பல வேளைகளில் அக்கேள்வியே அவரது நெஞ்சின் பாரத்தை இறக்கிவைக்கும் முதற்கதவாகின்றது. பாவம் என்று அச்சுறுத்துவதும், உன்னைவிடக் கஷ்டப்படுபவர்கள் இல்லையா என்று ஒப்பிடுவதும், திறந்த கதவை மீண்டும் அடைத்துவிடும்.

இரண்டாவது, தனியே விடாதிருப்பது. யாரிடமும் சொல்லவேண்டாம் என்று அவர் கேட்டாலும், உயிருக்கு ஆபத்து என்னும்போது அந்த வாக்கைக் கொடுக்கவேண்டாம். நம்பிக்கைக்குரிய இன்னும் இருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தெரேசம்மாளின் அருகே ஒருவர் மட்டும் இருக்கவில்லை. சகோதரியர் மூவர் அப்பாரத்தைப் பகிர்ந்துகொண்டனர். ஒருவரே சுமந்தால் அவரும் விழுந்துவிடுவார்.

மூன்றாவது, அவர் கேட்டுக்கொண்டதைச் செய்வது. ஆபத்து விளைவிக்கக்கூடிய மருந்துகளையும் விவசாய நஞ்சுகளையும் வீட்டிலிருந்து அகற்றுங்கள்; இயலாவிடில் பூட்டி, சாவியை வேறொருவரிடம் ஒப்படையுங்கள். இதன் பயனை நம் நாடே கண்டிருக்கின்றது. 1995ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலையால் மாண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. அவ்வாண்டிலும் 1998ஆம் ஆண்டிலும் மிகக் கொடிய பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டன. 2005ஆம் ஆண்டளவில் அந்த வீதம் பாதியாகக் குறைந்தது. நஞ்சு எட்டாத தூரத்தில் இருந்ததால், அந்த ஒரு கணத்தைக் கடந்து ஆயிரக்கணக்கானோர் உயிர் தப்பினர். லிசியூ மடத்தின் நோயாளர் அறையில் ஓர் இளங்கன்னிகை சொன்னதன் உண்மை, ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் நம் வயல்களில் நிரூபணமாயிற்று.

நான்காவது, வைத்திய உதவி. தெரேசம்மாளின் வலிக்குத் தகுந்த மருந்து கிடைக்காதது ஒரு குறைபாடே. அதைப் பக்தியாகக் கொள்ளவேண்டியதில்லை. இன்று மனநோய்க்குச் சிகிச்சை உண்டு. அரச வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுகள் உள்ளன. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். தற்கொலைக்கு முயல்வது 1998ஆம் ஆண்டு வரை நம் நாட்டில் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. அச்சட்டம் அவ்வாண்டில் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே பொலிஸாருக்கு அஞ்சி வைத்தியசாலைக்குச் செல்லாதிருக்க வேண்டியதில்லை. குருவிடம் வாருங்கள், வைத்தியரிடமும் செல்லுங்கள். செபமும் சிகிச்சையும் ஒன்றையொன்று விலக்குவதில்லை.

விவிலியத்திலும் இதற்கு அழகிய முன்மாதிரி உண்டு. பாலைநிலத்தில் செடியொன்றின் கீழ் அமர்ந்து, இனி வாழ வேண்டாம் என்று இறைவாக்கினர் எலியா மன்றாடினார். ஆண்டவரின் தூதர் வந்து அவரைக் கண்டிக்கவில்லை, அறிவுரையும் கூறவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார்; உறங்கவிட்டார்; மீண்டும் வந்து தொட்டு எழுப்பி உண்ணச் செய்தார். பயணம் அவருக்கு மிக நெடியது என்பதை அத்தூதர் அறிந்திருந்தார். இரண்டாம் முறையும் வந்தார் என்பதே அங்கு முக்கியம். ஒரு முறை விசாரித்துவிட்டுக் கடமை முடிந்தது என்று போய்விடாமல், மறுநாளும் அந்த வீட்டு வாசலில் நிற்பவரே இறைவனின் தூதர்.

இதை வாசிக்கும் உங்களில் எவருக்காவது அந்த இருள் இன்று சூழ்ந்திருக்குமானால், உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் உள்ளத்தில் எழும் எண்ணத்துக்காக வெட்கப்படாதீர்கள். பீடத்தில் நாம் வணங்கும் புனிதைக்கும் அது வந்தது. அவர் செய்ததையே நீங்களும் செய்யுங்கள். ஒருவரிடம் சொல்லுங்கள். அவருக்குப் புரியாவிட்டால் இன்னொருவரிடம் சொல்லுங்கள். இன்றே சொல்லுங்கள்.

குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாளே, இருளின் பாரத்தை நீர் அறிவீர். உம் கட்டிலருகே உம் சகோதரியர் விழித்திருந்தது போல, எங்கள் இல்லங்களிலும் பங்குகளிலும் துன்புறும் ஒவ்வொருவர் அருகிலும் விழித்திருக்க எங்களுக்கு வரம் பெற்றுத் தாரும். ஆமென்.